கணினியின் வேகமும் கோடையின் வெப்பமும்



கணினி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்த சில காலத்திற்கெல்லாம், அதனை இன்னும் சிறிது விரைவாக ஓட்ட இயலாதா என்னும் எண்ணம் வீட்டில் ஒருவருக்கேனும் எழுவது இயல்பு. பெரும்பாலும் அந்த ஒருவர் கல்லூரியில் பயிலும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். "அப்பா, பிராசசரை ஓவர்கிளாக் செய்துவிட்டால் புதுக் கணினியே வாங்க வேண்டியதில்லை" என்று பிள்ளை கூற, செலவு மிச்சம் என்ற மகிழ்ச்சியில் தந்தையாரும் அச்சொல்லின் பொருளை விசாரியாமலேயே இசைந்துவிடுகிறார். அனுமதி கேட்போர், கொடுப்போர் ஆகிய இரு சாராருக்கும் பயன்படும் என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். டில்லி, நாகபுரி, அகமதாபாத் முதலிய, கோடையில் அனலாய்க் காயும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓவர்கிளாக்கிங்கினால் கிடைக்கும் மிகை வேகம் புதிதாக உண்டாக்கப்படுவதன்று. வெப்பம், தூசு, காலப்போக்கில் நேரும் தேய்மானம் ஆகியவற்றைத் தாங்கும் பொருட்டு உற்பத்தியாளர் ஒதுக்கி வைத்த இடைவெளியிலிருந்து அது எடுத்துக்கொள்ளப்படுகிறது. வெப்பம் மிக்க ஊரில் அவ்விடைவெளியின் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டிருக்கும்.

இதனை விளக்குமுன், வேகம் என்று நாம் எதனைக் குறிக்கிறோம் என்பதைக் காண்போம். பிராசசர் என்பது சிறு சிலிக்கான் வில்லையின்மேல் அமைந்த பல நூறு கோடி டிரான்சிஸ்டர்களின் தொகுதி. ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கே டிரான்சிஸ்டர் என்னும் பெயர் வழங்கியது நம்மில் முதியோர்க்கு நினைவிருக்கும். அப்பெட்டிகள் பலவற்றில் அவை ஆறோ ஏழோ தான் இருந்தன! இன்று பல நூறு கோடியாகப் பெருகிவிட்ட இவை ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி இயங்கினால் கணக்கு ஒன்றும் முடியாது. எனவே எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒரு தாளம் தேவைப்படுகிறது. நட்டுவனார் தட்டும் தாளத்திற்கு ஆடுபவர் அடி வைப்பதைப் போல, பிராசசரின் உறுப்புகள் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி வேலையை முடிக்கின்றன.

அத்தாளத்தின் மூலம் மதர்போர்டில் உள்ள ஒரு குவார்ட்ஸ் படிகமாகும். அதிலிருந்து பெறப்படும் அடிப்படைத் துடிப்பு இன்றைய கணினிகளில் சாதாரணமாக விநாடிக்குப் பத்துக் கோடி, அஃதாவது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் இதனைத் தனக்குள்ளே ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 40 என்பது அப்பெருக்கெண்ணாயின் வேகம் 4000 மெகாஹெர்ட்ஸ், அல்லது 4 கிகாஹெர்ட்ஸ். அவ்வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள காலம், ஒரு விநாடியை நானூறு கோடி கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. அதற்குள் ஒளியே ஏழரை சென்டிமீட்டர் தூரந்தான் செல்ல இயலும். இக்குறுகிய காலத்தில் மின்குறி ஒன்று பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து சென்று, சரியான விடையாக நிலைபெற வேண்டும். அடிப்படைத் துடிப்பையோ பெருக்கெண்ணையோ உயர்த்தி, உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கு மேல் ஓடச் செய்வதே ஓவர்கிளாக்கிங். தாளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அடி பிசகும். மின்குறி சென்று சேருமுன்னரே அடுத்த துடிப்பு வந்துவிட, பிராசசர் தவறான விடையைச் சரியென்று ஏற்றுக்கொண்டு மேலே செல்லும்.

அவ்வாறாயின் குறித்த வேகத்திற்கு மேல் ஓட இடமே இல்லாதவாறு அன்றோ உற்பத்தியாளர் செய்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஒரே தொழிற்சாலையில், ஒரே தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் வில்லைகள்கூட ஒரே தரமாக அமைவதில்லை. ஒன்று மிக விரைவாக ஓடும், மற்றொன்று சற்றுத் தளரும். அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, வேகத்தைக் குறித்து விற்கின்றனர். குறைந்த விலைச் சரக்குக்குத் தேவை மிகும்போது, விரைவாக ஓடவல்ல வில்லையின் மீதும் குறைந்த வேகமே பொறிக்கப்படுவதுண்டு.

இதற்குப் புகழ் பெற்ற உதாரணம் 1998-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் பிராசசர். அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பு 66, பெருக்கெண் நாலரை. பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி நிறுவனத்தார் பூட்டி வைத்திருந்தனர். ஆனால் அடிப்படைத் துடிப்பைப் பூட்டவில்லை. அதனை 66-லிருந்து 100-க்கு உயர்த்தினால், நாலரையால் பெருகி 450 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். அக்காலத்தில் 450 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய பென்டியம் 2 பிராசசருக்கு அமெரிக்காவில் 600 டாலருக்கு மேல் விலை. செலரானுக்கோ ஏறக்குறைய 150 டாலர். இரண்டும் ஒரே நுண்மையுடைய தயாரிப்பு முறையில் உருவானவை ஆதலால், ஏழையின் செலரான் செல்வனின் பென்டியத்திற்குச் சமமாக ஓடிற்று. அதனுள் அமைந்த சிறு நினைவகம் 128 கிலோபைட்டே ஆயினும் பிராசசரின் முழு வேகத்தில் இயங்கியது. பென்டியத்தின் 512 கிலோபைட் நினைவகமோ பாதி வேகத்தில்தான் இயங்கியது. ஆகவே சில வேலைகளில் மலிவுச் சரக்கு சிறிதும் பின்தங்கவில்லை.

இந்த வெற்றிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பலர் அதனை மறந்துவிடுகின்றனர். ஒலி அட்டை முதலிய துணை உறுப்புகளும் ஹார்டு டிஸ்கின் இணைப்பும் 33 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை எதிர்பார்த்தவை. அடிப்படைத் துடிப்பு 66 ஆயின் அதில் பாதி 33. 100 ஆயின் மூன்றில் ஒரு பங்கு 33. எனவே 100-க்குத் தாவியவர்களின் துணை உறுப்புகள் அமைதியாகத் தம் வேலையைச் செய்தன. நடுவழியாக 83 வைத்தவர்களுக்கோ, அதன் பாதி 41-ஐத் தாண்டிவிட்டமையால் ஹார்டு டிஸ்கில் எழுதப்பட்டவை கெடும் அபாயம் இருந்தது. குறைவாக உயர்த்தியவர்கள் அதிகமாக உயர்த்தியவர்களைவிடத் துன்புற்றது வேடிக்கையே. ஓர் உறுப்பின் வேகத்தை மாற்றும்போது அதனோடு பிணைந்த மற்றவை என்னாகின்றன என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி வெப்பத்திற்கு வருவோம். டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறிது மின்சக்தி வெப்பமாக மாறுகிறது. துடிப்பு மிகுந்தால் அதே விகிதத்தில் வெப்பமும் மிகும். இதோடு நின்றால் கவலை இல்லை. ஆனால் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் துடிப்பைக் கூட்டும்போது டிரான்சிஸ்டர்கள் விரைந்து திறக்கும் பொருட்டு மின்னழுத்தத்தையும் சிறிது உயர்த்த வேண்டியிருக்கிறது. மின்னழுத்தத்தின் விளைவோ இருமடிப் பெருக்கமுடையது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 வாட் மின்சக்தி கொள்ளும் ஒரு பிராசசரின் வேகத்தை நூற்றுக்குப் பத்து வீதமும், அதற்காக மின்னழுத்தத்தை நூற்றுக்குப் பத்து வீதமும் உயர்த்துவதாகக் கொள்வோம். 1.1-ஐ மும்முறை பெருக்கினால் 1.33. ஆகவே 100 வாட் 133 வாட் ஆகிறது. பத்து வீத வேகத்திற்கு முப்பத்து மூன்று வீத வெப்பம்! பிராசசர் சூடேறச் சூடேற அதன் டிரான்சிஸ்டர்களின் வழியே வீணாகக் கசியும் மின்சாரமும் மிகுவதால், உண்மைக் கணக்கு இதனினும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த வெப்பத்தைப் பிராசசரின் மேல் அமர்ந்துள்ள உலோகத் தகடுகளும் விசிறியும் அறைக் காற்றிலே கொண்டு சேர்க்கின்றன. வடக்கிலும் மத்தியப் பகுதியிலும் வாழ்வோர் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். விசிறியால் பிராசசரை அறைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர ஒருபோதும் இயலாது. இவ்வளவு வாட் வெப்பத்திற்கு அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்னும் வேறுபாட்டை நிலைநிறுத்துவதே அதன் தொழில். ஜனவரி மாதத்து டில்லி அறை ஒன்றில் 15 டிகிரி செல்சியஸ் குளிர் இருக்கையில், கடும் வேலையின்போது பிராசசர் 70 டிகிரி காட்டுகிறது எனக் கொள்வோம். அறையைவிட 55 டிகிரி அதிகம். அதே கணினி, அதே வேலை, அதே விசிறி. மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறை 40 டிகிரியில் தகிக்கும்போது, அவ்வேறுபாடு 55 ஆகவே இருந்தாலும் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுவிடும். இன்றைய பிராசசர்கள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் விதித்துள்ள உச்ச எல்லை 95 முதல் 100 டிகிரி வரையில்தான். எல்லையை நெருங்கியதும் பிராசசர் தற்காப்புக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விரைவாக ஓட்ட விரும்பிச் செய்த வேலை, கோடையில் முன்னினும் மெதுவாக ஓடுவதில் முடிவதும் உண்டு.

ஓவர்கிளாக்கிங்கைப் பற்றி எழுதுவோரிற் பலர் குளிர் நாடுகளில் இருந்துகொண்டு எழுதுகின்றனர். அவர்களுடைய அறை ஆண்டு முழுதும் ஏறக்குறைய 20 டிகிரி. அவர்கள் தரும் எண்களை அப்படியே எடுத்து நாகபுரியில் பயன்படுத்துவது, உதகையில் தைத்த கம்பளிச் சட்டையை மதுரையில் அணிவது போலாம். போட்டிக்காக இதனைச் செய்வோரின் சாதனைகளோ முற்றிலும் வேறு. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் திரவ ஹீலியத்தினால் குளிர்வித்து ஒரு பிராசசரை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டிக் காட்டினர். அது சில கணங்களுக்கான வித்தை. வீட்டுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றையும் கூறிவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன், நாகபுரியில் ஒரு குளிர்காலத்தில், எங்கள் கணினியின் பெருக்கெண்ணைச் சில படிகள் உயர்த்தி, ஓர் இரவு முழுதும் சோதனை நிரலை ஓடவிட்டோம். பிழை ஒன்றும் தோன்றவில்லை. வெற்றி என்று மகிழ்ந்து அப்படியே விட்டுவிட்டோம். ஏப்ரல் இறுதியில் கணினி ஓரிரு முறை தானே நின்று மீண்டது. மின்சாரக் கோளாறு என்று எண்ணினோம். மே மாதத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த குடும்பப் புகைப்படங்களையெல்லாம் ஒரே கோப்பாகச் சுருக்கி வைத்து, மூலப் படங்களை இடம் போதாமையால் அழித்தோம். சில மாதங்களுக்குப் பின் அக்கோப்பைத் திறந்தபோது பாதிக்கு மேல் விரியவில்லை. அம்மா தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் படம் அதில் ஒன்று. அத்தையிடம் அதன் அச்சுப் பிரதி ஒன்று இருந்ததால் அந்த ஒரு படமேனும் மீண்டது. ஓவர்கிளாக்கிங்தான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிறுவ எங்களால் இயலாது. ஆயினும் வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து கணினி ஒருமுறையும் நிற்கவில்லை.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், கணினி புகைந்து கருகவில்லை. ஓவர்கிளாக்கிங் என்றதும் பிராசசர் எரிந்துபோகும் என்றே பலர் அஞ்சுகின்றனர். இன்றைய பிராசசர்கள் அவ்வளவு எளிதில் எரிவதில்லை. எல்லை கடந்தால் தாமே அணைந்துவிடுகின்றன. அஞ்ச வேண்டியது ஓசையின்றி நேரும் பிழையை. ஆயிரம் கோடிக் கணக்குகளில் ஒன்று பிசகினால் திரையில் ஒன்றும் தெரியாது. பிசகியது விளையாட்டில் ஒரு புள்ளியின் நிறமாயின் நட்டமில்லை. அதுவே சுருக்கப்பட்ட கோப்பின் நடுவில் ஓர் எண்ணாயின், அக்கோப்பைத் திறக்கும் நாள் வரையில் இழப்பு நமக்குத் தெரிய வராது.

இவ்வளவு இடருக்கும் ஈடாகக் கிடைக்கும் ஆதாயம் எவ்வளவு? 1998-இல் செலரானில் கிடைத்தது நூற்றுக்கு ஐம்பது வீதம். 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த கோர் ஐ5-2500கே என்னும் பிராசசர் 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டு, 4.5 வரை பலரிடம் ஓடிற்று. இன்றோ நிலைமை மாறிவிட்டது. 2008 முதல் இன்டெல் நிறுவனம் டர்போ பூஸ்ட் என்னும் முறையைத் தன் டெஸ்க்டாப் பிராசசர்களில் புகுத்தியது. ஏஎம்டி நிறுவனமும் அத்தகைய முறையைக் கைக்கொண்டது. வெப்பத்திற்கும் மின்சாரத்திற்கும் இடம் இருக்கும் வரை பிராசசர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். இடம் குறைந்தால் தானே குறைத்துக்கொள்ளும். முன்பு ஆர்வலர் கையால் செய்ததை உற்பத்தியாளரே செய்து விலையும் வாங்கிக்கொள்கிறார். ஆகவே மிஞ்சியிருப்பது நூற்றுக்குச் சில வீதந்தான். அதுவும் எல்லாப் பிராசசரிலும் இயலாது. இன்டெல் வகையில் பெயரின் இறுதியில் 'கே' என்னும் எழுத்துடையவையே பொதுவாகப் பெருக்கெண் பூட்டப்படாதவை. அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியின் ரைசன் டெஸ்க்டாப் வகையில் பெரும்பாலானவை பூட்டற்றவை எனினும், விலை குறைந்த ஏ வரிசை மதர்போர்டுகளில் பெருக்கெண்ணை உயர்த்த வசதி இல்லை.

உற்பத்தியாளரே எல்லையை மிக நெருங்கிச் செல்லும்போது என்ன நேரும் என்பதற்கும் அண்மையில் உதாரணம் கிடைத்தது. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில் நிலையின்மை கண்டு, உயர் மின்னழுத்தமே அதற்குக் காரணம் என்று 2024 ஜூலையில் அந்நிறுவனமே அறிவித்தது. அதனைத் திருத்தும் மென்பொருளை வழங்கி, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. இவ்வகைப் பிராசசர் உடையோர் மதர்போர்டின் பயாஸை அதற்குப் பிந்திய பதிப்புக்குப் புதுப்பித்தார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மின்னழுத்தம் அளவு மீறினால் வில்லை உள்ளுக்குள் மெல்லத் தேயும் என்பது வெறும் அச்சுறுத்தலன்று என இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் பிள்ளைக்கு என்ன விடை கூறுவது? முதலாவது, கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டறியச் சொல்ல வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கினால் தாமதமாயின் பிராசசரை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. எஸ்எஸ்டி ஒன்றே மருந்து. விளையாட்டில் தாமதமாயின் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டே காரணமாக இருக்கும். அடுத்து மெமரி. 3200 என்று பொறித்து விற்கப்படும் டிடிஆர்4 மெமரியை வாங்கிப் பொருத்தியவர்கள் பலர், அது 2666 அல்லது அதனினும் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதை அறியார். பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் கைக்கு வரும். இதுவும் ஒரு வகை ஓவர்கிளாக்கிங்தான். ஆதலின் இயக்கிய பின் மெமரி சோதனை நிரல் ஒன்றைச் சில மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வெப்ப ஊர்களில் இருப்போர்க்கு நாம் பெரிதும் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான ஒரு முறை: வேகத்தை உயர்த்தாமல் மின்னழுத்தத்தைச் சிறிது குறைப்பது. உற்பத்தியாளர் தளர்ந்த வில்லைக்கும் போதுமான அளவில் மின்னழுத்தத்தை நிர்ணயிப்பதால், நல்ல வில்லைக்கு அது சற்று மிகையாகவே இருக்கும். மேலே கண்ட இருமடிக் கணக்கு இப்போது நமக்கு ஆதாயமாகத் திரும்புகிறது. பத்து வீதம் குறைக்க முடிந்தால் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அவ்வாறு கிடைத்த இடத்தில் பிராசசர் தன் டர்போ வேகத்தில் நெடுநேரம் நிற்கும். வேகத்தைத் தொடாமலே வேகம் கிடைக்கும் வழி இது. ஆனால் அளவு மீறிக் குறைத்தாலும் பழைய ஓசையற்ற பிழையே வந்து சேரும். எனவே ஒரு நேரத்தில் ஒரு சிறு படியாகவே மாற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் பிரைம்95 போன்ற, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சரிபார்க்கும் நிரலை ஓட்ட வேண்டும். முக்கியமான கோப்புகளின் பிரதியை வேறொரு தட்டில் எடுத்து வைத்த பின்னரே இவ்வேலையில் இறங்க வேண்டும்.

பெருக்கெண்ணை உயர்த்தியே தீருவேன் என்போரையும் நாம் தடுப்பதற்கில்லை. கற்றுக்கொள்வதற்கு அது நல்ல வழி என்பதில் ஐயமில்லை. தந்தையின் கணக்குகளும் வீட்டுப் படங்களும் உள்ள கணினியில் செய்யாமல், பழைய கணினி ஒன்றில் செய்தால் இன்னும் நன்று. சோதனையை ஜனவரி இரவில் நடத்தி முடிவு கட்டாமல், மே மாதத்துப் பிற்பகல் மூன்று மணிக்கு, கதவை அடைத்த அறையில் நடத்த வேண்டும். அதனால் நேரும் சேதத்திற்கு உத்தரவாதம் பொருந்தாது என்பதையும், மிகுந்த வாட் கணக்கை வீட்டு யூபிஎஸ் தாங்குமா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். 600 விஏ என்று விற்கப்படும் சிறு யூபிஎஸ் பல 360 வாட் அளவையே தாங்குவன. மின்சாரம் நின்ற கணத்தில் அதுவும் கைவிட்டால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு போயிற்று.

மடிக்கணினி உடையோர் இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கவலைப்பட வேண்டுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை பூட்டப்பட்டவை; காற்று வரும் துளைகளை மெத்தையும் தலையணையும் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். டெஸ்க்டாப் உடையோர் கோடை தொடங்குமுன், மார்ச் மாதத்திலேயே பெட்டியைத் திறந்து துப்புரவு செய்துவிட வேண்டும். லூ என்னும் அனல்காற்று கொண்டுவரும் நுண்தூசு உலோகத் தகடுகளின் இடுக்கில் கம்பளி போல் படிந்துவிடுகிறது. அதனை நீக்கினாலே வெப்பம் கண்கூடாகக் குறைவதைக் காணலாம். பிராசசருக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் பல ஆண்டாகி உலர்ந்திருந்தால் அதனையும் மாற்ற வேண்டும். டில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை ஆகிய இடங்களில் அது சிறு குழாயாகக் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவை அறிந்தவர்களுக்கு இக்கடைவீதிகள் அந்நியமாகத் தோன்றா. தண்ணீர்க் கூலர் வைத்துள்ள வீடுகளில் அதன் ஈரக்காற்று நேரே கணினியின் மேல் வீசாதபடி திருப்பி வைக்க வேண்டும். தூசை ஊதி அகற்றும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்று, அதன் தாங்கி கெட்டுப்போகக் கூடும்.